விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழை: ரெஃபரன்ஸ் எண்ணிக்கை நிரல்களில் அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை, அதாவது ஓர் ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, அது 0 ஆனதும் நினைவகத்தை விடுவிக்கும் முறையை, நம்பி எழுதப்பட்ட ஒரு நிரல், ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட்டு விழும்போது, விழுந்த இடத்தில் இருக்கும் வரி பெரும்பாலும் குற்றமற்றதாகவே இருக்கும். அந்த வரி தன் கையிலிருந்த சுட்டியை நம்பியது, அவ்வளவுதான். நம்பிக்கையைக் கெடுத்த வரி வேறொரு கோப்பில், வேறொரு த்ரெட்டில், சில நேரம் பல நிமிடங்களுக்கு முன்பே ஓடி முடிந்திருக்கும். ஆகவே எந்த அறிகுறியோடு தொடங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தச் சுட்டி யாருடைய ரெஃபரன்ஸின் பலத்தில் இந்த வரியில் உயிரோடு இருக்கிறது? இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாத இடத்தில்தான் பிழை இருக்கும்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை லினக்ஸ் கர்னலையும் சி மொழியையும் சார்ந்தவை. சி++, பைத்தான், ரஸ்ட் ஆகியவற்றைப் பொருந்தும் இடங்களில் சேர்த்திருக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டுவதை ‘கெட்’ என்றும் குறைப்பதை ‘புட்’ என்றும் கர்னல்காரர்கள் சொல்லும் வழக்கத்தையே இங்கும் பின்பற்றுகிறேன்.

தொடங்கும் முன்: அறிக்கையை எப்படிப் படிப்பது

கர்னலில், தவறான நினைவக அணுகலைக் கண்டுபிடிக்கும் கசான் கருவியை இயக்கிவிட்டுப் பிழையை மறுபடி நிகழ்த்துங்கள். 2015-இல் 4.0 பதிப்போடு வந்த இந்தக் கருவி, அதன் பொதுவான வடிவில், ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் நினைவகம் வைத்துக் கண்காணிக்கிறது. பயனர் தளத்து நிரலாக இருந்தால் இதே வேலையைச் செய்யும் அட்ரஸ் சானிடைசரோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள். வேகம் ஏறத்தாழ பாதியாகும், ஆனால் பெரும்பாலான சோதனைகளுக்கு அது தாங்கும். மறுபடி கம்பைல் செய்ய வழியில்லாத நிரலுக்கு வால்கிரைண்ட் உண்டு, அது இதைவிடப் பல மடங்கு மெதுவானது.

இந்தக் கருவிகளின் அறிக்கையில் மூன்று தடங்கள் இருக்கும்: நினைவகத்தைத் தொட்ட இடம், அதை ஒதுக்கிய இடம், அதை விடுவித்த இடம். சாதாரணப் பிழைகளில் விடுவித்த தடமே குற்றவாளியைக் காட்டிவிடும். ரெஃபரன்ஸ் எண்ணிக்கை உள்ள நிரலில் அப்படியில்லை, இங்கேதான் பலர் நாட்களை இழக்கிறார்கள்.

ஓர் ஆப்ஜெக்டை மூன்று பேர் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: தேடல் அட்டவணை, ஓர் அமர்வு, ஒரு டைமர். எண்ணிக்கை 3. அமர்வு முடியும்போது தவறுதலாக இரண்டு முறை புட் செய்துவிடுகிறது; எண்ணிக்கை 1 ஆகிறது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அட்டவணையிலிருந்து ஆப்ஜெக்ட் நீக்கப்பட, அட்டவணை தன் ஒரே புட்டை முறையாகச் செய்கிறது. எண்ணிக்கை 0 ஆகி நினைவகம் விடுவிக்கப்படுகிறது. அதன்பின் டைமர் ஓடி, தன் உரிமை இன்னும் இருப்பதாக எண்ணி ஆப்ஜெக்டைத் தொட்டு விழுகிறது. இப்போது அறிக்கையைப் பாருங்கள்: தொட்ட தடத்தில் டைமர், விடுவித்த தடத்தில் அட்டவணை. இரண்டும் சரியாகவே எழுதப்பட்டவை. பிழை செய்த அமர்வு அறிக்கையில் எங்குமே இல்லை.

அதனால் விடுவித்த தடத்தை ‘கடைசியாகக் குறைத்தவர்’ என்று மட்டுமே படியுங்கள். தேவைப்படுவது அந்த ஆப்ஜெக்டின் முழு கெட்–புட் வரலாறு. கெட்டையும் புட்டையும் சுற்றி, ஆப்ஜெக்டின் முகவரி, புதிய எண்ணிக்கை, அழைத்தவரின் முகவரி ஆகிய மூன்றையும் பதியும் ஒரு ட்ரேஸ்பாயிண்ட் வைத்தால் போதும். அதன்பின் ஒவ்வொரு கெட்டுக்கும் அதன் புட்டை ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தால், ஜோடியில்லாமல் மிஞ்சும் புட்தான் தேடியது. கர்னலில் 2022-இல் 5.17 பதிப்பில் வந்த ரெஃப் ட்ராக்கர் இந்த வேலையை முறையாகச் செய்கிறது: ஒவ்வொரு கெட்டுக்கும் ஒரு சீட்டு தரப்படுகிறது, புட் செய்யும்போது அதே சீட்டைத் திருப்பித் தர வேண்டும், ஒரே சீட்டை இரண்டாம் முறை கொடுத்தால் அங்கேயே அகப்படும். நெட்வொர்க் சாதனங்களின் ரெஃபரன்ஸ்களுக்காக முதலில் பயன்பட்ட இதை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகலாம்.

அறிகுறி: ரெஜிஸ்டர்களில் 6பி 6பி 6பி என்ற வரிசை தெரிகிறது

கர்னலின் நினைவக ஒதுக்கியான ஸ்லப்பில் பிழைகாண் வசதியை இயக்கியிருந்தால், விடுவித்த நினைவகம் முழுவதும் ஹெக்ஸ் எண் 6பி, அதாவது பதின்மத்தில் 107, என்ற பைட்டால் நிரப்பப்படும். கடைசி பைட் மட்டும் ஏ5. எக்ஸ்86 64 பிட் கணினியில் இந்த வரிசை செல்லுபடியாகும் முகவரி அல்ல, எனவே பக்கப் பிழைக்குப் பதிலாகப் பொதுப் பாதுகாப்புப் பிழை வரும். முகவரியின் கடைசி பைட்டைக் கவனியுங்கள். அது 6பி-யாக இல்லாமல் 83 என்று இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 24. விடுவித்த ஆப்ஜெக்டிலிருந்து ஒரு சுட்டியை எடுத்து, அது காட்டும் கட்டமைப்பில் 24-ஆம் பைட்டில் உள்ள புலத்தை நிரல் தொட முயன்றிருக்கிறது என்று பொருள். கட்டமைப்பின் வரையறையைத் திறந்து 24-இல் என்ன புலம் இருக்கிறது என்று பார்த்தால் எந்தச் சுட்டி என்பது பெரும்பாலும் உடனே விளங்கிவிடும்.

‘டெட்’ என்ற எழுத்துகளில் தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் முகவரியைப் பார்த்தால் அது வேறு கதை. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பின் முன், பின் சுட்டிகளில் கர்னல் எழுதி வைக்கும் நச்சு மதிப்புகள் அவை. ஆப்ஜெக்ட் இன்னும் விடுவிக்கப்படாமலே இருக்கலாம். இரண்டு முறை நீக்கியிருப்பார்கள், அல்லது ஒருவர் நீக்கும்போது இன்னொருவர் பட்டியலில் நடந்துகொண்டிருப்பார். எண்ணிக்கையைத் தேடிப் போகாமல் பட்டியலின் பூட்டைத் தேடிப் போங்கள்.

பயனர் தளத்தில் நச்சு நிரப்பல் இயல்பாக இருக்காது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் சிறிய துண்டுகளை விடுவிக்கும்போது முதல் 16 பைட்டுகளில் ஒதுக்கி தன் சொந்தக் கணக்கை எழுதிக்கொள்ளும். பலர் எண்ணிக்கையைக் கட்டமைப்பின் முதல் புலமாக வைப்பதால், எண்ணிக்கை மட்டும் அர்த்தமற்ற பெரிய எண்ணாகவும் மற்றப் புலங்கள் எல்லாம் ஒழுங்காகவும் தெரியும். ‘யாரோ எண்ணிக்கையின் மேல் எழுதிவிட்டார்கள்’ என்று அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எழுதியது ஒதுக்கி, ஏனெனில் ஆப்ஜெக்ட் ஏற்கெனவே போய்விட்டது.

அறிகுறி: ‘ரெஃப்கவுண்ட்_டி: அண்டர்ஃப்ளோ’ என்ற எச்சரிக்கை

ரெஃப்கவுண்ட்_டி என்பது கர்னலின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை வகை; இந்த எச்சரிக்கையின் பொருள், கெட்டைவிடப் புட் அதிகம். இதில் ஐயத்துக்கு இடமில்லை. பதிவில் நிற்பது கடைசியாக வந்த புட், அது தன் முறைக்கு வந்ததுதானா என்பதை மேலே சொன்ன வரலாற்றை வைத்தே சொல்ல முடியும். ஆனால் வரலாறு சேகரிக்கும் முன் மூன்று இடங்களைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

முதலாவது பிழைப் பாதை. ஃபங்ஷனின் நடுவே ஆப்ஜெக்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டோம். அதன்பின் வரும் ஒரு படி தோற்கிறது. கீழே உள்ள லேபிளுக்குத் தாவி, ஒப்படைத்த ரெஃபரன்ஸையும் சேர்த்துப் புட் செய்கிறோம். நானே எழுதிய நிரலில் இதே பிழை ஒரு வருடத்துக்கு மேல் ஒளிந்திருந்தது, ஏனெனில் அந்தப் படி தோற்பது அரிது. ஒப்படைத்த மறுவரியிலேயே உள்ளூர்ச் சுட்டியை வெறுமையாக்கி, வெறுமையை ஏற்கும் புட்டைப் பயன்படுத்தினால் இந்த வகைப் பிழை எழுதவே முடியாததாகிவிடும். கர்னலில் 2023-இன் 6.5 பதிப்பிலிருந்து, மாறியின் வரம்பு முடியும்போது தானாகப் புட் செய்யும் வசதியும் இருக்கிறது. புதிய நிரலுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது, அழைக்கும் ஃபங்ஷன் நம் ரெஃபரன்ஸை விழுங்கிக்கொள்வது. வன்பொருளை விவரிக்கும் சாதன மரத்தில் ஒரு முனையிலிருந்து அடுத்ததைத் தேடும் கர்னல் ஃபங்ஷன்கள், தேடலைத் தொடங்கும்படி நாம் கொடுத்த முனையை உள்ளுக்குள்ளேயே புட் செய்துவிடுகின்றன. இதை அறியாமல் அந்த முனையை நாமும் புட் செய்தால் எண்ணிக்கை ஒன்று குறைந்துவிடும். பைத்தானின் சி இடைமுகத்தில் பைலிஸ்ட்_செட்ஐட்டம் நாம் தரும் ரெஃபரன்ஸைத் தனதாக்கிக்கொள்கிறது, தோற்றாலும்கூட. பெயரைப் பார்த்து இவற்றை ஊகிக்க முடியாது. ஆவணத்தைப் படித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, கர்னலில் சாதனத்தைப் பதிவு செய்யும் டிவைஸ்_ரெஜிஸ்டர் தோற்கும் இடம். தோற்றுவிட்டதே என்று ஆப்ஜெக்டை நேரடியாக விடுவிப்பது இயல்பாகத் தோன்றும், ஆனால் தவறு: அந்த நேரத்தில் எண்ணிக்கை ஏற்கெனவே உயிர் பெற்றுவிட்டது, ஆகவே புட் செய்துதான் முடிக்க வேண்டும்.

சி++-இல் இதன் இணை, ஒரே வெறுஞ்சுட்டியிலிருந்து, எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஷேர்ட்_பிடிஆர் சுட்டிகள் இரண்டை உருவாக்குவது. ஒவ்வொன்றும் தனி எண்ணிக்கையோடு 1 என்று தொடங்கும், ஒன்றை ஒன்று அறியாது, இருவரும் விடுவிப்பார்கள். உறுப்பு ஃபங்ஷனுக்குள்ளிருந்து தன்னையே பகிர வேண்டுமானால் எனேபிள்_ஷேர்ட்_ஃப்ரம்_திஸ் வழியாக மட்டுமே செய்யுங்கள்.

அறிகுறி: ‘அடிஷன் ஆன் 0’ என்ற எச்சரிக்கை, அல்லது தேடி எடுத்த ஆப்ஜெக்ட் சில நேரம் செத்திருக்கிறது

இது தேடலுக்கும் கடைசிப் புட்டுக்கும் நடக்கும் ஓட்டப் போட்டி. முதல் த்ரெட் அட்டவணையில் தேடிச் சுட்டியைப் பெறுகிறது, இன்னும் கெட் செய்யவில்லை. அந்த இடைவெளியில் இரண்டாம் த்ரெட் கடைசி ரெஃபரன்ஸைப் புட் செய்ய, எண்ணிக்கை 0 ஆகிறது. விடுவிக்கும் வேலை தொடங்கிவிட்டது. இப்போது முதல் த்ரெட் கெட் செய்கிறது: 0 என்பது 1 ஆகிறது. ஆனால் இரண்டாம் த்ரெட் 0-வை ஏற்கெனவே பார்த்துவிட்டது, திரும்பிப் பார்க்கப் போவதில்லை. முதல் த்ரெட் பிடித்திருப்பது இடிக்கப்படும் வீட்டின் சாவி.

2017-இல் 4.11 பதிப்பில் வந்த ரெஃப்கவுண்ட்_டி வகை, 0-விலிருந்து கூட்டுவதைக் கண்டு எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையை அடக்குவதற்காக வகையைப் பழைய அணு முழுஎண்ணுக்கு மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் மரு தெரிகிறதே என்று கண்ணாடியை உடைப்பதற்கு ஒப்பானது அது.

தீர்வுக்கு இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டும் சேர்ந்தே வேண்டும். முதல் பகுதி, 0-வாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டும் கெட்டைப் பயன்படுத்துவது. அது தோற்றால் ‘கிடைக்கவில்லை’ என்றே தேடல் திரும்ப வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் எண்ணிக்கை எங்கே இருக்கிறது? அதே ஆப்ஜெக்டுக்குள். ஆப்ஜெக்ட் விடுவிக்கப்பட்டிருந்தால், ‘0-வா’ என்று பார்ப்பதே விடுவித்த நினைவகத்தைத் தொடுவதுதான். ஆகவே இரண்டாம் பகுதி, அந்தப் பார்வை முடியும்வரை நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது. தேடலை ஆர்சியூ (பூட்டில்லாமல் படிக்க விடும் கர்னல் முறை) வாசிப்புப் பகுதிக்குள் செய்து, விடுவித்தலை ஆர்சியூ சலுகைக் காலம், அதாவது ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் அனைவரும் முடிக்கும் காலம், கழியும்வரை ஒத்திப்போடலாம்; அல்லது தேடும்போது பிடிக்கும் அதே பூட்டைப் பிடித்துக்கொண்டே அட்டவணையிலிருந்து நீக்கலாம். எண்ணிக்கை 0 ஆகும் தருணத்திலேயே பூட்டையும் பிடித்துக்கொண்டு திரும்பும் புட் வகைகள் கர்னலில் ஆயத்தமாக உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால் 0-வாகிப் போன ஆப்ஜெக்ட் அட்டவணையில் யார் கண்ணுக்கும் படாது, சாதாரணக் கெட்டே போதும்.

டைப்சேஃப் பை ஆர்சியூ என்ற கொடியோடு உருவாக்கிய ஸ்லாப்பில் (ஒரே வகை ஆப்ஜெக்ட்களுக்கான நினைவகத் தொகுப்பில்) மேலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே சலுகைக் காலம் நினைவகப் பக்கங்களைத்தான் காக்கிறது, தனி ஆப்ஜெக்டை அல்ல. தேடலுக்கும் கெட்டுக்கும் நடுவே அதே இடம் அதே வகையைச் சேர்ந்த வேறோர் ஆப்ஜெக்டாக மறுபிறவி எடுத்திருக்கலாம். கெட் வெற்றி பெற்ற பின்னும், தேடிய திறவுகோல்தான் உள்ளே இருக்கிறதா என்று மறுபடி ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் புட் செய்துவிட்டுத் தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சி++-இல் ஆப்ஜெக்டை உயிரோடு வைக்காத வீக்_பிடிஆர் சுட்டி தரும் லாக்கும், ரஸ்டின் வீக் தரும் அப்கிரேடும் இதே ‘0-வாக இல்லாவிட்டால் கூட்டு’ வேலையைத்தான் செய்கின்றன. காலாவதியாகிவிட்டதா என்று முதலில் கேட்டு, இல்லை என்றதும் தனியாகப் பிடிப்பது அதே இடைவெளியை மீண்டும் திறப்பதாகும்.

அறிகுறி: ஒரே த்ரெட்தான், ஆனாலும் விழுகிறது

போட்டிக்கு ஆளில்லை, ஆகவே இது கடன் வாங்கிய ரெஃபரன்ஸ். பைத்தானின் பைலிஸ்ட்_கெட்ஐட்டம் தருவது பட்டியலுக்குச் சொந்தமான ரெஃபரன்ஸ், நமக்குச் சொந்தமானதல்ல. அதை வைத்துக்கொண்டு அதே பட்டியலின் இன்னோர் இடத்தில் புதிய மதிப்பை வைக்கிறோம். பழைய மதிப்பு அழிகிறது. அதன் அழிப்பு முறை பைத்தானில் எழுதப்பட்டிருந்தால் அது எதையும் செய்யலாம், நாம் கடன் வாங்கிய உறுப்பைப் பட்டியலிலிருந்து நீக்குவது உட்பட. நம் நிரலில் எந்தப் புட்டும் இல்லை, ஆனால் சுட்டி செத்துவிட்டது. வெளியார் நிரல் ஓட வாய்ப்புள்ள எந்த அழைப்புக்கும் முன் நமக்கென ஒரு கெட் வேண்டும். பைத்தான் 3.13-இலிருந்து சொந்த ரெஃபரன்ஸையே தரும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் இருக்கிறது. புலம் ஒன்றைக் காலி செய்யும்போதும் முதலில் புலத்தை வெறுமையாக்கிவிட்டுப் பிறகே பழைய மதிப்பைப் புட் செய்யுங்கள்.

அறிகுறி: மூடும்போது, அல்லது மாட்யூலை நீக்கும்போது மட்டும் விழுகிறது

டைமர், வேலை வரிசை, கால்பேக் ஆகிய மூன்றில் ஒன்று ஆப்ஜெக்டின் சுட்டியை ரெஃபரன்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரெஃபரன்ஸ் என்ற விதியை வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும், ஆனால் அதை நிறைவேற்றும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. வரிசையில் சேர்ப்பதற்கு முன்பே கெட் செய்ய வேண்டும். சேர்த்த பின் செய்தால், அதற்குள் வேலை ஓடி முடித்துத் தன் புட்டையும் செய்துவிட்டிருக்கலாம். வேலை ஏற்கெனவே வரிசையில் நிற்பதாகச் சொல்லி சேர்ப்பு பொய் என்று திரும்பினால், எடுத்த ரெஃபரன்ஸைத் திருப்பிவிட வேண்டும். ரத்து செய்யும் அழைப்பு மெய் என்று திரும்பினால், அந்த வேலை இனி ஓடாது, எனவே அது செய்ய வேண்டிய புட்டை நாமே செய்ய வேண்டும்.

தன்னைத் தானே மறுபடி முடுக்கிக்கொள்ளும் டைமரை வெறுமனே நீக்கினால் போதாது, 6.2 பதிப்பிலிருந்து, மறுமுடுக்கத்தையே தடுக்கும் டைமர்_ஷட்டவுன்_சிங்க் கிடைக்கிறது. ஆப்ஜெக்டின் விடுவிப்பு ஃபங்ஷனுக்குள் வேலையை ரத்து செய்து காத்திருக்கும் நிரலையும் அங்கங்கே காணலாம். கடைசிப் புட் அந்த வேலைக்குள்ளிருந்தே வரும் நாளில் அது தனக்காகத் தானே காத்துக் கிடக்கும்.

அறிகுறி: ஆர்ம் கணினியில் மட்டும், அதுவும் சுமை கூடும்போது

எண்ணிக்கையை யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். கூட்டுவதற்குத் தளர்வான நினைவக வரிசைமுறை போதும். குறைப்பதற்கு ரிலீஸ் (முந்தைய எழுத்துகளை வெளியிடும் வரிசைமுறை) வேண்டும், 0-வைக் கண்டவர் அழிப்பதற்கு முன் அக்வையர் (அவற்றைக் காண வைக்கும் வரிசைமுறை) வேண்டும்; இல்லாவிட்டால் மற்றொரு த்ரெட் தன் புட்டுக்கு முன் செய்த எழுத்து, அழிப்பவரின் கண்ணுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். எக்ஸ்86-இல் அணு மாற்றங்கள் எல்லாம் முழுத் தடைகளாகவே இயங்குவதால் அங்கே இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்தே கிடக்கும். மொழியோ கர்னலோ தரும் வகைக்கு மாறிவிடுங்கள்.

அப்படி மாறியும் விழுந்தால், ஒரே ஷேர்ட்_பிடிஆர் மாறியை ஒரு த்ரெட் படிக்கும்போது இன்னொரு த்ரெட் அதற்குப் புதிய மதிப்பைத் தருகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கைதான் அணுத்தன்மை உடையது, மாறி அல்ல. பூட்டு போடுங்கள், அல்லது சி++20 தரும் அணு ஷேர்ட்_பிடிஆரைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: முதலில் கசிவு, பல மணி நேரம் கழித்து வீழ்ச்சி

புட் குறைந்தால் நினைவகம் கசியும், அதற்குமேல் கெடுதல் இல்லை என்று நினைப்பது தவறு. 2016 ஜனவரியில் வெளியான சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்புக் குறைபாடு இதற்குச் சான்று. ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் கர்னலின் சாவிவளையப் பகுதியில், ஒரு புரோசஸ் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அமர்வுச் சாவிவளையத்தோடே மறுபடி இணையக் கேட்டால் ஒரு ரெஃபரன்ஸ் கசிந்தது. எண்ணிக்கை 32 பிட். 4,29,49,67,296 முறை சுற்றி வந்தால் அது 0-வைக் கடக்கும், வளையம் பயன்பாட்டில் இருக்கும்போதே விடுவிக்கப்படும், அதன் வழியே கர்னல் உரிமையையே பறிக்கலாம். ரெஃப்கவுண்ட்_டி இப்படிச் சுற்றுவதை அனுமதிக்காமல் ஓர் உச்சத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். ஆப்ஜெக்ட் என்றைக்கும் விடுவிக்கப்படாது, பதிவில் ‘சாச்சுரேட்டட்’ என்ற எச்சரிக்கை தெரியும். ரஸ்டின் எண்ணிக்கைச் சுட்டியான ஆர்க் வரம்பைத் தாண்டினால் நிரலையே நிறுத்திவிடுகிறது.

அறிகுறி: கருவியை இயக்கினால் பிழை மறைந்துவிடுகிறது

இடைவெளி நுண்ணியது, கருவி காலத்தை மாற்றிவிட்டது. சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு நடுவே, எடுத்துக்காட்டாகத் தேடலுக்கும் கெட்டுக்கும் நடுவே, சில மில்லி வினாடித் தாமதத்தை வேண்டுமென்றே நுழையுங்கள். அந்த இடம் உறங்கக் கூடாத பகுதியாக இருந்தால் சுழன்று காத்திருக்கும் தாமதம்தான் பயன்படும். ஆயிரத்தில் ஒருமுறை விழுந்தது ஒவ்வொரு முறையும் விழத் தொடங்கினால் இடம் உறுதி. கர்னலின் அடிப்படை ஆப்ஜெக்ட் வகையான கோஆப்ஜெக்ட் சார்ந்த நிரலுக்குக் கர்னலிலேயே ஓர் அமைவு இருக்கிறது; அது கடைசிப் புட்டுக்கும் விடுவிப்புக்கும் நடுவே சில வினாடிகளைச் செருகி, ‘புட் செய்தவுடன் போய்விடும்’ என்று நம்பிய நிரலை அம்பலப்படுத்தும்.

அந்தத் தாமதத்தைத் திருத்தம் எழுதிய உடனே எடுத்துவிடாதீர்கள். தாமதம் இருக்கும்போதே, திருத்தம் இல்லாமல் விழுவதையும் திருத்தத்தோடு விழாததையும் பாருங்கள். பின்பு சோதனையை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, ஸ்லாப் கணக்கில் அந்த வகை ஆப்ஜெக்ட்களின் உயிருள்ள எண்ணிக்கை தொடங்கிய அளவுக்கே திரும்புகிறதா என்று ஒப்பிடுங்கள். திரும்பாவிட்டால் செய்தது திருத்தம் அல்ல. எங்கோ ஒரு கெட்டைக் கூடுதலாகச் சேர்த்து வீழ்ச்சியைக் கசிவாக மாற்றியிருக்கிறோம், ஜோடியில்லாத அந்தப் புட் இன்னும் நிரலில் இருக்கிறது.